குறுகிய ஓய்வுக்குப் பின் மாரத்தான் பயிற்சி: எந்த வழியில் திரும்புவது?

மாரத்தான் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டு இரண்டு, மூன்று வாரங்கள் ஓய்வெடுப்பது நல்ல வழக்கம். முந்தைய பருவத்தின் களைப்பு தீர்கிறது, தீராமல் இழுத்துக்கொண்டிருந்த சிறு வலிகள் ஆறுகின்றன, அடுத்த பதினாறு அல்லது பதினெட்டு வாரங்களின் உழைப்புக்கு மனமும் தயாராகிறது. குழப்பம் ஓய்வு முடிந்த பிறகுதான் வருகிறது. திட்டத்தின் முதல் வாரத்திலேயே நேரடியாக இறங்கிவிடலாம். ஓரிரு வாரங்கள் குறைந்த தூரத்தில் மெதுவாக ஓடிவிட்டுப் பிறகு திட்டத்துக்குள் நுழையலாம். ஓட்டமும் நடையுமாகக் கலந்து திரும்பலாம். அல்லது சைக்கிள், நீச்சல் போன்றவற்றால் உடலைத் தேற்றிக்கொண்டு அதன் பிறகு ஓடத் தொடங்கலாம். நான்கு வழிகளுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நான்கும் பொருந்துகிற சூழல்களும் இருக்கின்றன. ஆனால் ஓய்வில் உடல் எதை இழக்கிறது, எதை எவ்வளவு விரைவில் மீட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் கை வைப்பதாகிவிடும்.

மூச்சுத் திறனைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள். எட்வர்ட் காயிலும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள் பயிற்சியை முழுவதுமாக நிறுத்தியபோது, உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு முதல் 21 நாட்களில் ஏறத்தாழ 7 சதவீதமும், 56 நாட்களில் ஏறத்தாழ 16 சதவீதமும் குறைந்தது. தொடக்கத்தில் ஏற்படும் சரிவுக்குப் பெருமளவில் காரணமாக இருப்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைவதுதான் என்பதை அதே குழுவின் அடுத்த ஆய்வுகள் காட்டின. பிளாஸ்மா குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஓய்வுக்குப் பின் ஓடும் முதல் நாளில், பழகிய வேகத்தில் ஓடியும் கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு கூடுதலாக இருப்பதற்கும், பத்தாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குவதற்கும் இதுவே காரணம். அந்த நாளில் மனம் உடைந்துபோகிறவர்களுக்கு நான் அக்கறையோடு சொல்ல விரும்புவது, இந்த இழப்பு மிக எளிதாக மீளக்கூடியது என்பதே. ஓடத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரங்களிலேயே பிளாஸ்மாவின் அளவு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

தசைநாண்களின் கதை வேறு. ஓடும்போது குதிகால் தசைநாணின் மேல் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேற்பட்ட விசை ஒவ்வொரு அடியிலும் விழுகிறது. நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேர மெதுவோட்டத்தில் இரு கால்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐயாயிரம் அடிகள் வைக்கின்றன. தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு; சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள அதற்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகின்றன. எலும்போ புதிய சுமை வந்ததும் முதலில் பழைய பகுதிகளைக் கரைத்து, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. கட்டும் வேலை சில மாதங்கள் நீடிக்கிறது. ஆகவே சுமை திடீரெனக் கூடிய சில வாரங்களுக்குப் பிறகு, எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாக இருக்கும் ஒரு காலம் வருகிறது. இரண்டு வார ஓய்வில் எலும்பும் தசைநாணும் பெரிதாக நலிந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் மூச்சும் இதயமும் மீள்கிற வேகத்தில் கூடுகிற சுமையை அவற்றால் தாங்க முடிவதில்லை. மூன்றாவது வாரத்தில் ‘பழைய நிலைக்கு வந்துவிட்டேன்’ என்று தோன்றும்போது, அப்படித் தோன்றச் செய்வது மூச்சுதான். முன்கால் எலும்பு அதைச் சொல்லவில்லை. நான்கு வழிகளையும் இந்த இடைவெளியை அளவுகோலாக வைத்தே ஒப்பிடுகிறேன்.

திட்டத்தில் நேரடியாக இறங்குவது பலரும் நினைப்பது போல எப்போதும் தவறான தேர்வு அல்ல. ஓய்வு ஐந்து நாட்களுக்கு உட்பட்டதாக இருந்தால் வேறெதுவும் செய்யத் தேவையில்லை. அந்த அளவு ஓய்வில் இழப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஓய்வு அதைவிடச் சற்று நீண்டிருந்தாலும், திட்டத்தின் முதல் வாரம் ஓய்வுக்கு முன் ஓடிய வாரங்களைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால், திட்டமே மீள்பயிற்சியாகவும் அமைந்துவிடும். வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், 35 கிலோமீட்டரில் தொடங்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் தயங்க வேண்டியதில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பெரும்பாலான இடைநிலைத் திட்டங்கள் வாசகர் ஏற்கெனவே தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறார் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. முதல் வாரத்திலேயே ஒரு டெம்போ ஓட்டம் (சற்றுக் கடினமான, சீரான வேகத்தில் தொடர்ந்து ஓடுவது), வார இறுதியில் 16 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம் என்று அவை தொடங்குகின்றன. இரண்டு வாரங்கள் ஓடாத கால்களுக்கு அது முதல் வாரமாக இருக்காது, நான்காவது வாரத்தின் சுமையாக இருக்கும்.

நீண்ட ஓட்டத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பதினெட்டு மாதங்கள் பின்தொடர்ந்தது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கும் மேலாக ஒரே ஓட்டத்தில் தூரத்தைக் கூட்டியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடியது. அந்தத் தூரத்தை இரட்டிப்பாக்கியவர்களுக்கு அது மிக அதிகமாகக் கூடியது. வாரத்தின் மொத்தத் தூரம் முந்தைய வாரத்தைவிட எவ்வளவு கூடியது என்ற கணக்குக்கும் காயத்துக்கும் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. ஓய்விலிருந்து திரும்புகிறவருக்கு இது மிகவும் பயனுள்ள செய்தி. 14 நாட்கள் ஓய்வெடுத்தவரின் கடைசி நீண்ட ஓட்டம் இன்னும் அந்த 30 நாள் எல்லைக்குள் இருக்கக்கூடும். நான்கு வாரங்கள் ஓய்வெடுத்தவருக்கு அந்தக் கணக்குப் புத்தகம் அநேகமாக வெற்றுத் தாளாகிவிட்டது. முன்பு 20 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இப்போது அவர் ஐந்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே’ என்ற பழைய விதியைப் பற்றியும் ஒரு சொல். நெதர்லாந்தின் கிரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விதிப்படி 13 வாரங்கள் மெதுவாகக் கூட்டிய குழுவிலும், 8 வாரங்களில் விரைவாகக் கூட்டிய குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. எனவே அந்த விதியை வேதமாகப் பிடித்துக்கொண்டு, 15 கிலோமீட்டர் வாரத்திலிருந்து பழைய 50-ஐ எட்ட மூன்று மாதங்கள் செலவிடத் தேவையில்லை. ஏற்கெனவே பழகிய தூரத்துக்குத் திரும்புவது வேறு, இதுவரை ஓடாத தூரத்துக்கு ஏறுவது வேறு.

இரண்டாவது வழி, அதாவது திட்டத்துக்கு முன் தனியாக ஒரு மீள்பயிற்சிக் காலம் வைப்பது. இதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான வரையறையைத் தந்தவர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ். ஓய்வு ஆறு நாட்களிலிருந்து 28 நாட்கள் வரை இருந்தால், ஓய்வெடுத்த அதே அளவு நாட்களை மீள்வதற்கும் ஒதுக்க வேண்டும். அந்த நாட்களின் முதல் பாதியில் பழைய சுமையில் 50 சதவீதமும், இரண்டாவது பாதியில் 75 சதவீதமும் ஓட வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் 14 நாட்கள் ஓய்வெடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 25 கிலோமீட்டர். அதை ஐந்து நாட்களில், நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டராக ஓடலாம். அடுத்த வாரம் 37 கிலோமீட்டர். அதில் ஆறு, ஏழு, ஆறு, ஏழு என்று நான்கு நாட்களும், வார இறுதியில் பதினொன்றும் ஓடலாம். இரண்டு வாரங்களும் முழுக்க முழுக்கப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் திட்டத்தின் முதல் வாரம் தொடங்குகிறது. செலவு பதினான்கு நாட்கள் மட்டுமே. அதற்குக் கிடைப்பது மூச்சுக்கும் கால்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி பெருமளவில் மூடப்பட்ட ஒரு தொடக்கம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர்களும் உள்ளே ஒரு தவறான பங்கீட்டைச் செய்துவிடுகிறார்கள். அதே 25 கிலோமீட்டரை மூன்று நாட்களில் எட்டு, எட்டு, ஒன்பது என்று ஓடினால் கணக்குப் பார்க்கையில் மொத்தம் மாறுவதில்லை. கால்களைப் பொறுத்தவரை நிறையவே மாறுகிறது. ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் கெண்டைக்கால் தசைகள் களைத்துவிடுகின்றன. களைத்த தசை அதிர்ச்சியைக் குறைவாகத் தாங்குகிறது. மிச்சம் எலும்புக்கும் தசைநாணுக்கும் போகிறது. எலும்பும் ஒரே அமர்வில் விழும் தொடர் அதிர்ச்சிகளுக்கு விரைவிலேயே மரத்துப்போய்விடுகிறது. சில மணி நேர இடைவெளிக்குப் பிறகே மீண்டும் அதற்கு உணர்வு திரும்புகிறது என்பது விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில் தெரியவந்தது. இதனால் மீள்பயிற்சியில் முதலில் கூட்ட வேண்டியது நாட்களின் எண்ணிக்கை, அடுத்து ஒவ்வொரு ஓட்டத்தின் நீளம், கடைசியில்தான் வேகம் என்ற வரிசையை நான் உறுதியாக ஆதரிக்கிறேன். காயத்துக்காக ஓய்வெடுத்தவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் ஓடுவதே முதல் இரண்டு வாரங்களுக்குப் பாதுகாப்பானது, ஏனென்றால் அந்த இடம் சுமையை எப்படி ஏற்றுக்கொண்டது என்பது பெரும்பாலும் மறுநாள்தான் தெரிகிறது.

மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகள் மிக நம்பகமான அளவுகோல். குதிகாலுக்கு மேலே விறைப்பு இருந்து, ஓரிரு நிமிட நடையில் கரைந்துவிட்டால் கவலையில்லை. அன்று அதே தூரத்தை ஓடலாம், கூட்ட வேண்டாம். விறைப்பு காலை முழுவதும் நீடித்தாலோ, தசைநாணை இரு விரல்களால் மெல்லப் பிடித்துப் பார்க்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் நோவு இருந்தாலோ, அன்று ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். எந்தக் கடிகாரமும் இந்தத் தகவலைத் தருவதில்லை.

ஓட்டமும் நடையுமாகக் கலப்பதைத் தொடக்கநிலையாளர்களுக்கு மட்டுமே உரியதாக ஒதுக்கிவிடுகிறவர்கள் அநேகம் பேர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே இந்த முறையைப் பல பத்தாண்டுகள் பரப்பியவர் என்பதை நினைவில் வைத்தால் அந்தத் தயக்கம் போய்விடும். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற விகிதத்தில் அரை மணி நேரம் செய்தால் ஓடும் பகுதி 24 நிமிடங்களாகச் சுருங்குகிறது. தசைகள் களைத்துத் தோற்கும் முன்பே ஓய்வு கிடைக்கிறது. மூன்று வாரங்களுக்கு மேல் ஓடாதவர்களுக்கும், கெண்டைக்கால் அல்லது முன்கால் எலும்புத் தொல்லைக்காக ஓய்வெடுத்தவர்களுக்கும் இரண்டாவது வழியின் முதல் வாரத்தை இப்படி ஓடுவதையே நான் பரிந்துரைப்பேன். இதில் ஓர் ஆபத்து உண்டு. நடக்கும் நிமிடத்தில் மூச்சு தெளிந்துவிடுவதால், அடுத்த நான்கு நிமிடங்களை அறியாமலே வேகமாக ஓடிவிடத் தோன்றும். முதல் சுற்றின் வேகத்தைவிடக் கடைசிச் சுற்றின் வேகம் கூடிவிட்டதென்றால், இந்த முறையின் பாதுகாப்பு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

நான்காவது வழி ஓட்டத்துக்குப் பதிலாக வேறு பயிற்சிகள். ஆழமான நீரில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடும் அசைவுகளைச் செய்தால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மூச்சுத் திறனைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்பது பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காயம் ஆறும்வரை இது அருமையான துணை. ஆனால் ஓய்விலிருந்து திரும்பும் வழியாக இதை மட்டும் நம்பினால், நான் மேலே சொன்ன இடைவெளி மூடுவதற்குப் பதிலாக இன்னும் விரிகிறது. இதயம் வலுவாகவே இருக்கும். கால்கள் தரையின் அதிர்ச்சியை மறந்திருக்கும். சாலையில் சைக்கிள் ஓட்டும் போட்டியாளர்களின் எலும்பு அடர்த்தி ஓட்டக்காரர்களுடையதைவிடக் குறைவாக இருப்பது, உடல் எடையைச் சுமக்காத பயிற்சி எலும்புக்கு எதையும் கற்றுத் தருவதில்லை என்பதற்கு நல்ல சான்று. ஆகவே மீள்பயிற்சி வாரங்களில் ஓடாத நாட்களில் சைக்கிளோ நீச்சலோ வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்தின் இடத்தை அவற்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது. கெண்டைக்காலுக்கு மட்டும் ஒரு சிறு பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது எல்லா வழிகளிலும் பயன் தரும்: படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை உயர்த்தி, பிறகு மிக மெதுவாகக் கீழே இறக்குவது. ஓய்வு நாட்களிலேயே இதைத் தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது.

வேகப் பயிற்சியை எப்போது சேர்ப்பது என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மீள்பயிற்சியின் இரண்டாவது பாதியில், மெதுவோட்டத்தின் முடிவில் 15, 20 விநாடிகள் நிதானமாக வேகம் பிடித்து விடுவதை நான்கைந்து முறை செய்தால் போதும். டெம்போவும், இடையிடையே ஓய்வு விட்டு வேகமாக ஓடும் இன்டர்வெலும் திட்டம் தொடங்கிய பிறகுதான். மேட்டு ஓட்டம் அதிர்ச்சியைக் குறைக்கிறது என்பதற்காக அதை முதல் வாரத்தில் சேர்க்கிறவர்கள், மேட்டில் குதிகால் தசைநாணுக்குச் சுமை கூடுகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்க நாட்களுக்குச் சமதளமே ஏற்றது.

பலரையும் முதல் வழியை நோக்கித் தள்ளுவது நாட்காட்டிதான். போட்டிக்குப் பதினெட்டு வாரங்கள் இருக்கின்றன, திட்டமும் பதினெட்டு வாரங்கள். மீள்பயிற்சிக்கு இரண்டு வாரங்களை எங்கிருந்து எடுப்பது? திட்டத்தின் முதல் இரண்டு வாரங்களை விட்டுவிடுவதே முதல் யோசனையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் வேலையைத்தான் மீள்பயிற்சி செய்கிறது. ஆனால் திட்டத்தின் மூன்றாவது வாரத்தை எடுத்து மீள்பயிற்சியின் கடைசி வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 37 கிலோமீட்டர் ஓடிய ஒருவரை மூன்றாவது வாரம் 42 ஓடச் சொன்னால் தொடரலாம். 55 ஓடச் சொல்லி அதில் 19 கிலோமீட்டர் நீண்ட ஓட்டமும் வைத்திருந்தால் முதல் வாரத்திலிருந்தே தொடங்கி, நடுவில் ஏறக்குறைய ஒரே அளவாக வரும் இரண்டு வாரங்களை நீக்குவது நல்லது. போட்டிக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களில் சுமையைக் குறைக்கும் பகுதியில் மட்டும் கை வைக்கவே கூடாது. மீள்பயிற்சியை ஒரு வாரமாக அமுக்குவதைவிட, இரண்டு வாரங்கள் குறைந்த திட்டத்தோடு 42.195 கிலோமீட்டரின் தொடக்கக் கோட்டில் நலமாக நிற்பது எத்தனையோ மேல். பதினாறு வாரங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர், பதினெட்டு வாரத் திட்டத்தில் ஐந்தாவது வாரம் கால் வலியோடு நின்றுவிட்டவரைவிட எல்லா வகையிலும் முன்னே இருப்பார்.

ஓய்வுக்கான காரணமும் தேர்வை மாற்றுகிறது. திட்டமிட்டு எடுத்த ஓய்வுக்கும், வேலையோ பயணமோ காரணமாக நேர்ந்த ஓய்வுக்கும் இதுவரை சொன்னது அப்படியே பொருந்தும். காய்ச்சலுக்காக நிறுத்தியவர்கள் காய்ச்சல் முற்றிலும் விட்டு, அன்றாட வேலைகளைக் களைப்பின்றிச் செய்ய முடிந்த பிறகே முதல் ஓட்டத்தை வைக்க வேண்டும். நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் இருந்தால் ஓடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எலும்பில் விரல் நுனி அளவுள்ள ஓர் இடத்தில் மட்டும் வலித்தாலோ, ஓடாத நேரத்திலும் இரவிலும் அது நோகுமானாலோ, அதைத் தசை வலி என்று ஒதுக்கக் கூடாது; அது எலும்பில் விரிசலின் தொடக்கமாக இருக்கலாம். அந்த நிலையில் நான்கு வழிகளில் எதுவும் பொருந்தாது. படம் எடுத்துப் பார்த்து, மருத்துவர் சொல்லும் நாள்வரை காத்திருந்து, அதன் பிறகு போட்டிக்குப் பன்னிரண்டு வாரங்கள்கூட மிஞ்சவில்லையென்றால் அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்வதையோ அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பதையோ தயங்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும்.